எனக்கு ஸ்கிரீன் போட்டவன்

நீங்க கேக்குறது நியாயந்தாண்ணே. நானும் இதையேதான் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. அந்தப் பச்சை பனியன் பதினோராம் நம்பர், ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பாயிண்டு போடல. பந்து கையில வந்தா, சுட்ட சோளக்கருதைத் தொட்ட மாதிரி உடனே அடுத்தவன்கிட்ட தள்ளி விட்டுர்றான். பெறகு எதுக்கு அவனை வெளிய உக்கார வைக்காம ஆட விட்டுக்கிட்டே இருக்காங்க? பாஸ்கெட்பால் தெரியாதுன்னு சொன்னீங்க. ஆனா தெரிஞ்சவன் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டீங்க.

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்கண்ணே, அந்தப் பலகை ஆடும். கடலை எடுத்துக்கங்க.

அவனை எனக்குத் தெரியும். தெரியும்னா எங்கயோ பாத்த பழக்கம் இல்ல. மதுரையில ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல், மூணு வருஷமும் ஒரே ரூம். பேரு தவசிலிங்கம். நாங்க தவசின்னு கூப்பிடுவோம். உசிலம்பட்டியில இருந்து உள்ள தள்ளி ஒரு ஊரு. எனக்கு ஸ்கிரீன் போட்டுக்கிட்டு இருந்தவன். இன்னைக்கு சென்னையில ஒரு கம்பெனி டீம்ல ஆடுறான். ஆடுறதுதான் அவனுக்கு வேலையே. நான் தேனியில எங்கப்பாவோட டைல்ஸ் கடையில உக்காந்து, பாத்ரூமுக்கு வழுக்காத கல்லு எதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். துரோகம்னா எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா, இந்தா ஓடுது பாருங்கன்னு காட்டுவேன்.

ஸ்கிரீன்னா என்னன்னு சொல்லிடுறேன், இல்லேன்னா உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணும் விளங்காது. இப்ப பந்து என்கிட்ட இருக்கு. ஒருத்தன் என்னை விடாம மறிச்சுக்கிட்டே வர்றான். அந்த நேரம் என் டீம்காரன் ஒருத்தன் போய் அவன் வர்ற வழியில தூண் மாதிரி நின்னுடணும். வர்றவன் தூணுல மோதி நிப்பான். நான் இந்தப் பக்கமா சுத்திப் போய் நிம்மதியா பந்தைப் போட்டுருவேன். அம்புட்டுதான். தூணுக்கு என்ன தெறமை வேணும் சொல்லுங்க. அடி வாங்கத் தெரியணும். தவசிக்கு நெஞ்செலும்பு ஒரு தடவை விரிசல் விட்டுச்சு. பல்லு ஒண்ணு ஆடிப் போச்சு. அதெல்லாம் அவன் வாங்கினதுதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பந்து உள்ள போகணும்ல? அதைப் போட்டது யாரு?

பெருமைக்காகச் சொல்லல. எங்க காலேஜ் மேட்ச்னா லேடீஸ் காலேஜ்ல இருந்து வேன் வச்சு வருவாங்க. நிர்மல், நிர்மல்னு ஒரே சத்தம். கேண்டீன்ல எனக்கு முட்டை தனியா எடுத்து வச்சிருப்பாங்க. யுனிவர்சிட்டி ஆட்டத்துல நான் போட்ட பாயிண்டை இன்னும் யாரும் தாண்டல. தாண்டுனா பி.டி. சார் எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவார்.

தவசி எப்படி வந்தான்னு கேட்டீங்கன்னா, கபடி பையன்ணே அவன். கபடிக்குன்னு காலேஜ்ல சேந்தவன். ஒரு தடவை எங்க டீம்ல ஆள் குறைஞ்சுதுன்னு பி.டி. சார் அவனைக் கூப்பிட்டு நிக்க வச்சாரு. நின்னான். பெறகு போகவே இல்ல. இடது கையில பந்தைத் தட்டத் தெரியாது. ஓடிக்கிட்டே எகிறிப் போடுற சாதாரண ஷாட்டு, அது பழக அவனுக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஹைட்டாவது இருக்கான்னா, அதுவும் என்னை விட ஒரு விரக்கடை கம்மி. உழைப்பு மட்டும் இருந்துச்சு. அதை நான் எங்க வேணா சொல்லுவேன். மழை பெஞ்சா சாக்கை எடுத்துட்டு வந்து கோர்ட் பூரா தொடைப்பான். விடியக்காலம் நான் பிராக்டிஸுக்குப் போறப்ப எனக்கு முன்னால அங்க நிப்பான்.

நான் அவனை ஒதுக்கல. பாவம்னு சேத்துக்கிட்டேன். நான் ஷூட் பண்ணுவேன், அவன் ரிங்குக்குக் கீழ நின்னு பந்தைப் பொறுக்கி எனக்குப் போடுவான். நான் ஷூட் பண்ணுவேன், அவன் பொறுக்கிப் போடுவான். மூணு வருஷம் இப்படி. எனக்கும் பிராக்டிஸ், அவனுக்கும் பிராக்டிஸ். ஒரு நாள் அவன் கேட்டான், "மாப்ள, கடைசியில கொஞ்ச நேரம் நான் போடுறேன், நீ பொறுக்குறியா?"ன்னு. கேட்டதுல தப்பில்ல. எனக்குத் தோள்பட்டை வலிச்சுச்சு அன்னைக்கு. மறுநாளும் வலிச்சுச்சு. அப்புறம் அவன் கேக்கல.

இந்தா, இப்ப பாத்தீங்களா? எதிர் டீம் பெங்களூர்க்காரன் எகிறுறப்ப தவசி முதுகைக் குடுத்து நின்னுட்டான். பந்து தவசிக்கு வரல, ஆனா பெங்களூர்க்காரனுக்கும் போகல. கை தட்டாதீங்க, இதுக்கெல்லாம் யாரும் தட்ட மாட்டாங்க.

மூணாம் வருஷக் கடைசி. காலேஜுக்கு எதுத்தாப்ல ஒரு டீக்கடை. அங்க வச்சுத்தான் கேட்டான். "மாப்ள, நெஜத்தைச் சொல்லு. நான் இதை ஆடிப் பொழைக்க முடியுமா?" நான் சிரிக்கல. வேற யாரா இருந்தாலும் சிரிச்சிருப்பான். நான் நண்பன், அதனால உண்மையைச் சொன்னேன். காலேஜ்ல ஆடுறது வேற, காசு வாங்கிக்கிட்டு ஆடுறது வேற. அங்க எல்லாரும் உன்னை விட ஹைட்டு, உன்னை விட வேகம். உன்கிட்ட ஷாட் கிடையாது. உழைக்குறவனை எல்லாம் எடுத்தா இந்தியாவுல பாதிப் பேரை எடுக்கணும். நீ பேசாம எங்க கடைக்கு வந்துடு, எங்கப்பாகிட்ட சொல்லி உன்னை குடோன் பொறுப்புல போடுறேன், உனக்குத்தான் தோள்ல தெம்பிருக்கேன்னு சொன்னேன். மனசார சொன்னேண்ணே.

அவன் கிளாஸைக் கழுவி வச்சிட்டு, "சரி மாப்ள"ன்னான். டீக்காசைக் குடுத்துட்டு, "இருந்தாலும் நீ டீம் செலக்‌ஷன் டிரையல்ஸ் போறப்ப நானும் வர்றேன். உனக்கு ஸ்கிரீன் போட ஒரு ஆள் வேணும்ல"ன்னான். பாருங்க, எப்படி வார்த்தை. எனக்காகத்தான் வந்தான். அவன் வாயாலயே சொன்னது.

அந்த கம்பெனி டீம்ல அப்ப ஒரே ஒரு இடம் காலி. தமிழ்நாடு பூரா இருந்து பசங்க வந்திருந்தாங்க. கோச் ஒரு மலையாளி, குரியன்னு பேரு. வாயே தொறக்க மாட்டாரு. ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்து பாப்பாரு. நம்ம போட்ட பாயிண்டை அவரு பாத்தாரா இல்ல வெளிய நிக்கிற காக்காவைப் பாத்தாரான்னு தெரியாது. முத நாள் என்னையும் தவசியையும் ஒரே டீம்ல போட்டாங்க. அன்னைக்கு நான் ஆடுனதை நீங்க பாத்திருக்கணும். எங்க நின்னு போட்டாலும் உள்ள. கோடு தாண்டி நின்னு போட்டேன், உள்ள. ஒத்தைக் கால்ல நின்னு போட்டேன், உள்ள. சென்னைப் பசங்க வந்து எந்த ஊருன்னு கேட்டானுங்க. தவசி ஒண்ணும் போடல. ரிங்கைப் பாக்கவே இல்ல.

மறுநாள்தான் கடைசி ஆட்டம். அன்னைக்கு எதிர் டீம்ல என்னை மறிக்கப் போறது நாகர்கோவில் பக்கத்துப் பையன், ஜெரோம்னு பேரு. அவன் ஆளு மகா முரடன். ரெப்ரி திரும்புறதுக்குள்ள விலாவுல இடிச்சிருவான். எனக்கு ராத்திரி சோறே இறங்கல. பயம் இல்ல. வாழ்க்கை விஷயம்ல?

இப்ப ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. இந்த டிரையல்ஸ்ல எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. ஒரே காலேஜ்காரன் ரெண்டு பேரு எதிரெதிரா வந்துட்டா, ஒருத்தனை ஒருத்தன் அமுக்க மாட்டோம். சும்மா பேருக்குக் கையைத் தூக்கிட்டு நிப்போம். நீ கொஞ்சம் போட்டுக்க, நான் கொஞ்சம் போட்டுக்குறேன். இது ஏமாத்து இல்ல. எல்லாரும் செய்யுறதுதான். கல்யாணப் பந்தியில சொந்தக்காரன் இலைக்குக் கூட ஒரு வடை வைக்கிறதில்லையா, அது மாதிரி.

அதனால நான் காலையில போய் அங்க இருந்த அசிஸ்டென்ட் கோச்கிட்ட பேசினேன். "சார், தவசி என் கூட இருந்தா எனக்கே பந்தைக் குடுத்துக்கிட்டு இருப்பான், அவன் தெறமை வெளிய தெரியாது. எதிர் டீம்ல போடுங்க சார், அவனே என்னை மறிச்சு மார்க் பண்ணட்டும், அவனுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும்"னேன். அவரு என் தோள்ல தட்டி, "நல்ல மனசு தம்பி உனக்கு"ன்னு சொல்லிட்டு, ஜெரோமை எங்க பக்கம் தூக்கிப் போட்டு, தவசியை அந்தப் பக்கம் மாத்திட்டாரு. நல்லாக் கேட்டுக்கங்க. அவனுக்கு வாய்ப்பு வாங்கிக் குடுத்ததே நான்தான்.

தவசிகிட்ட போய்ச் சொன்னேன். மாப்ள, மாத்தியாச்சு, நீதான் என்னை மார்க் பண்றே, நம்ம வழக்கம் தெரியும்லன்னேன். அவன் ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டு இருந்தான். கையை அப்படியே நிறுத்திட்டு, "வேண்டாம் மாப்ள. எனக்கு மெதுவா ஆடத் தெரியாது. போய் பழையபடி மாத்தச் சொல்லு"ன்னான். நான் சிரிச்சுட்டேன். இவனுக்கு என்னை அமுக்கத் தெரியுமாம். சரிடா, உன்னால முடிஞ்சதைப் பண்ணுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

முடிஞ்சதைப் பண்ணிட்டாண்ணே.

முத பந்து என் கைக்கு வந்துச்சு. வலது பக்கம் பாத்துட்டு இடது பக்கம் வெட்டினேன். இடது பக்கம் அவன் நிக்கிறான். சரி, ஏதோ தற்செயல்னு நெனச்சேன். அடுத்த தடவை நின்ன இடத்துல எகிறினேன். எனக்கு முன்னாடியே அவன் கை மேல நிக்குது. நான் எங்க போனாலும் அங்க அவன் ஏற்கனவே இருக்கான். என் பின்னால ஓடி வரல, எனக்கு முன்னால போய் நிக்கிறான். மூணு வருஷம் ரிங்குக்குக் கீழ நின்னு பந்து பொறுக்கினான்ல, அந்த மூணு வருஷமும் என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். இடது பக்கம் வெட்டுறதுக்கு முன்னால நான் பனியனை இழுத்து விடுவேனாம். பின்னால எவனோ சொல்லித்தான் எனக்கே தெரியும். நம்ம வீட்டுச் சாவியை நம்பிக் குடுத்து வச்சிருந்தோம், ஒரு நாள் அதை வச்சே வீட்டைத் தொறந்துட்டான். அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

பக்கத்துல வந்தப்ப மெதுவா, "மாப்ள, என்னடா பண்றே?"ன்னு கேட்டேன். அவன் என் மூஞ்சியைக் கூட பாக்கல. "பந்தைப் பாரு மாப்ள"ங்குறான். ஒரு ஃபவுல் பண்ணலண்ணே. ஒரு இடி, ஒரு கிள்ளு, ஒண்ணு கிடையாது. பண்ணியிருந்தா ரெப்ரிகிட்ட கத்தியாவது இருப்பேன்.

என் டீம்ல இருந்தவனுங்க அதுக்கு மேல. ஒருத்தனும் எனக்கு ஸ்கிரீன் போடல. ஜெரோம்கிட்ட கேட்டேன், போடுடா வந்துன்னு. "எனக்கு நீ போடுவியா?"ங்குறான். எல்லாப் பயலும் பந்துக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. அந்த மாதிரி சுயநலம் பிடிச்ச டீம்ல நான் ஆடினதே இல்ல.

கடைசியில எனக்கு ஆடுதசை பிடிச்சு இழுத்துருச்சு. கீழ விழுந்துட்டேன். என் டீம்காரன் ஒருத்தன் வரல. தவசி வந்தான். மண்டி போட்டு உக்காந்து, என் காலைத் தூக்கித் தன் நெஞ்சுல வச்சு, பாதத்தை அமுக்கி விட்டான். ஹாஸ்டல்ல அவன் எப்பவும் பண்றதுதான். இப்ப கோச் பாக்குறாருன்னு நடிக்கிறான்னு எனக்குப் பட்டுச்சு. காலை உதறி விட்டுட்டேன். அவன் எந்திரிச்சுப் போய் அவன் இடத்துல நின்னுக்கிட்டான்.

சாயங்காலம் குரியன் சார் சேர்ல இருந்து எந்திரிச்சு வந்து, தவசியை மட்டும் விரலை ஆட்டிக் கூப்பிட்டாரு. மானம் பாக்காம அவருகிட்ட நேராப் போயிட்டேன். "சார், அவன் ரெண்டு நாளும் பாயிண்டே போடலயே சார்"னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இவன் நேத்து உன் டீம்தானே?"ன்னாரு. ஆமா சார்னேன். "இன்னைக்கு ஏன் இல்ல?"ன்னாரு. "நான்தான் சார் மாத்தச் சொன்னேன்"னேன். அவரு சிரிச்சாருண்ணே. ரெண்டு நாள்ல அன்னைக்குத்தான் அவரு சிரிச்சு நான் பாத்தேன். தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எங்கப்பாகிட்ட சொன்னேன், அவருக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆனா சொல்ல மாட்டேன்னுட்டாரு.

ரயில்ல ஒண்ணாத்தான் வந்தோம். அவனுக்குக் கீழ் பெர்த்து. என் கால் வலிக்கும்னு அதை எனக்குக் குடுத்துட்டு மேல ஏறிக்கிட்டான். திண்டுக்கல் வந்தப்ப, "நான்தான் மாத்தச் சொல்லுன்னு சொன்னேனே மாப்ள"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அதுக்குப் பெறகு எம்புட்டோ தடவை போன் பண்ணியிருக்கான், எடுக்கல. அடுத்த வருஷம் இன்னொரு இடம் காலியாகுது, குரியன் சார்கிட்ட பேசியிருக்கேன், வந்து ஆடிக் காட்டுடான்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அவன் சிபாரிசுல நான் போகணுமா? ஸ்கிரீன் போட்டவன் சிபாரிசு பண்ணி, பந்து போட்டவன் உள்ள போகணுமா? கேட்டுட்டு அழிச்சுட்டேன்.

எதுக்கு வந்தேன்னு கேக்குறீங்களா? ஊருக்குப் பக்கத்துல டோர்னமென்ட் நடக்குது, வந்தேன். ஆட்டம் பாக்க வந்தேன். அவனைப் பாக்க வரல.

இருங்க, இருங்க. ஆட்டம் முடியப் போகுது. ஒரு பாயிண்டு பின்னால நிக்கிறாங்க பச்சை. அந்த ஏழாம் நம்பர்கிட்ட பந்து இருக்கு பாருங்க, அவன்தான் இவங்களுக்கு ஸ்டாரு. சென்னைப் பையன். ஆளு நல்லா போடுவான், என் அளவுக்கு இல்லேன்னாலும். இப்ப தவசி எங்க போறான்னு பாருங்க. எல்லாரும் பந்தைப் பாப்பாங்க, நீங்க தவசியைப் பாருங்க. அந்தா, இடது பக்கம் போறான். போய் நிப்பான். டேய் ஏழு, வலது பக்கம் போகாதடா. அவன் பக்கம் வாடா. தோளோடு தோள் உரசி வாடா, கூமுட்டை. அவன் நிப்பாண்டா, நம்பி வா. அவன் நகர மாட்டான்.

வந்துட்டான். மோதிட்டான் பாருங்க அந்த பெங்களூர்க்காரன். முன்னால இருக்கவங்க எந்திரிச்சு நின்னு மறைக்காதீங்கப்பா. போட்டுட்டான். உள்ள. உள்ள போயிருச்சுண்ணே.

பாருங்க அந்தக் கூத்தை. எல்லாப் பயலும் ஏழாம் நம்பரைத் தூக்கிக்கிட்டு ஓடுறானுங்க. தவசி அங்க கீழ கிடக்கான், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. அதே பக்கம்ணே, அதே எலும்புதான். ஒரு நாய் திரும்பிப் பாக்குதா பாருங்க. அந்த ஏழாம் நம்பர் போய் ஒரு கை குடுத்துத் தூக்கி விட்டா கொறஞ்சா போயிருவான்? அவன் நின்னதாலதானடா உனக்கு அந்தப் பாயிண்டு வந்துச்சு. நன்றி கெட்ட ஜென்மங்க. எனக்கு வயிறு எரியுதுண்ணே.

என்னது?

நான் கை குடுத்துத் தூக்கி விட்டிருக்கனான்னா கேக்குறீங்க? நாங்க... அது வேறண்ணே. நாங்க ஒரே காலேஜு. ஒரே ரூமு. எங்களுக்குள்ள அதெல்லாம் எதுக்கு? அவனா எந்திரிச்சு வந்துருவான். எப்பவும் அவனா எந்திரிச்சு வந்துருவான்.

அந்தா, எந்திரிச்சுட்டான் பாருங்க. நான் சொன்னேன்ல? முட்டியைத் தட்டி விடுறான். யாரைத் தேடுறான் இப்படி? என் சத்தம் கேட்டிருக்குமோ? இம்புட்டுக் கூட்டத்துல எப்படிக் கேக்கும்? இங்கதான் பாக்குறான். கையைத் தூக்குறான். வர்றாண்ணே, இந்தப் பக்கமாத்தான் வர்றான்.

கொஞ்சம் எந்திரிங்கண்ணே. எனக்கு முன்னால வந்து நில்லுங்க. இப்படி இல்ல, தோளை விரிச்சு, காலை அகட்டி நில்லுங்க. அவன் வந்து கேட்டாலும் நகராதீங்க. ஒரே ஒரு நிமிஷம். நான் பலகைக்குப் பின்னால இறங்கிப் போயிடுறேன்.